பதினோரு பங்கு

தர்மவதி வாயைத் திறப்பதற்குள் எதிரே நிற்பவர் பஸ் ஏறிப் போய்விடுவார் என்று ஜீப் டிரைவர் அருணகிரி கேலி செய்வார். அதில் பொய் அதிகமில்லை. திருவண்ணாமலையில் அந்தக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 1977இல் அவள் உதவியாளாகச் சேர்ந்தபோது வயது இருபத்தெட்டு. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றிருந்தது. நெல் மண்டியில் எடைபோடும் கணவரோடு டவுனுக்குக் குடிவந்தவள்.

அவளுக்குக் கொடுத்த வேலை காலிக் கவர்களை எண்ணுவது. நோயாளிகளுக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை காகிதக் கவரில் மருந்து போடுவார்கள். அடுத்த முறை அவர்கள் காலிக் கவரைத் திருப்பித் தர வேண்டும். மிச்சம் இருந்தால் எத்தனை என்று தர்மவதி நோட்டில் எழுதுவாள். மற்றவர்களுக்கு அது குப்பை. அவளுக்கு அப்படியில்லை. மஞ்சள் கறை இருந்தால் சமையலுக்கு நடுவில் எடுத்துப் போட்டுக்கொண்டது. ஒரு மூலை நமுத்திருந்தால் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தது. பல்லால் கடித்துக் கிழித்தவர் யார், நகத்தால் கிழித்தவர் யார் என்றுகூட அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அங்கே நடந்தது ஒரு சோதனை. எட்டு ஊர்களில் நோயாளிகளுக்கு வழக்கமான ஊசியும் மாத்திரையும் உண்டு. அதற்கு மேல் தினமும் ஒரு கேப்சூல். பாதிப் பேருடைய கேப்சூலில் புது மருந்து. மீதிப் பேருடையதில் வெறும் சர்க்கரைத் தூள். வெளியே இரண்டும் ஒன்றுபோலச் சிவப்பும் கறுப்புமாக இருக்கும். எது யாருக்குப் போகிறது என்று பெரிய டாக்டர் ராமகிருஷ்ணனுக்கே தெரியாது. அந்த விவரம் சென்னையில் ஒரு பூட்டிய பீரோவில் இருந்தது.

இதைக் கேட்டபோது தர்மவதி அசந்துபோனாள். தெரிந்துகொள்வதற்காகப் பாடுபடுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு விஷயம் தனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று இத்தனை படித்தவர்கள் இத்தனை பாடுபடுவதை அங்கேதான் பார்த்தாள்.

எட்டு ஊர்களில் ஒன்று கீழ்நெல்வாய். டவுனிலிருந்து பன்னிரண்டு மைல். நயினார் குடும்பங்கள், அதாவது தமிழ் ஜைனர்கள், தலைமுறை தலைமுறையாக உழுது வாழும் ஊர். தர்மவதி பிறந்ததும் அங்கேதான். அவளுடைய அக்கா ஜெயந்திமாலா அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இப்போது அந்த ஊரின் பதினோரு நோயாளிகளில் ஒருத்தியாக இருந்தாள். எக்ஸ்ரே படத்தில் அவளுடைய இடது நுரையீரலின் மேற்பக்கம் சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்திருந்தது. இருமினால் சளியோடு ரத்தம் வந்தது. தங்கையின் வேலையால்தான் தனக்குப் புது மருந்து கிடைக்கிறது என்று அவள் நம்பினாள். அது உண்மையில்லை என்று எத்தனை முறை சொல்லியும் அக்கா கேட்கவில்லை.

ஆறு மாதம் போனது. ஒருநாள் டாக்டர் எக்ஸ்ரே படங்களை வரிசையாக மாட்டி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மத்த ஊர்ல சில பேருக்கு நோய் வேகமா கொறையுது, சில பேருக்கு மெதுவா கொறையுது. அதான் நியாயம். கீழ்நெல்வாயில மட்டும் பதினோரு பேருக்கும் ஒரே அளவுல, பாதிக்குப் பாதி கொறையுது. அதெப்படி?"

கம்பெனியில்தான் கேப்சூல்களைக் கலந்துவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தேகம். சென்னைக்குக் கடிதம் எழுதினார். மருந்து செய்யும் கம்பெனியிலிருந்து பரசுராமன் என்பவர் வியாழக்கிழமை நேரில் வருவதாகப் பதில் வந்தது. தப்பு கம்பெனியுடையது என்று ஆனால் எட்டு ஊரிலும் சோதனையை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார்.

தர்மவதி அலமாரியைத் திறந்து கீழ்நெல்வாய்க் கவர்களை எடுத்துப் பார்த்தாள். ஒரு மாதமாக அவளை உறுத்திக்கொண்டிருந்த ஒன்று அதில் இருந்தது. பதினோரு கவர்களும் ஒரே மாதிரி, கத்தரிக்கோலால் நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தன. பதினோரு வீட்டில் பதினோரு கை ஒரே மாதிரி வெட்டாது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. அக்கா அடுப்பில் உலை வைத்துவிட்டு, கொல்லையிலிருந்து கீரை பறித்துவரச் சொன்னாள். நந்தியாவட்டைச் செடியின் அடியில் மண் கரைந்து, சிவப்பும் கறுப்புமாக ஏதோ எட்டிப் பார்த்தது. தர்மவதி குந்தி உட்கார்ந்து விரலால் கிளறினாள். காலிக் கேப்சூல் உறைகள். நனைந்து, ஒட்டிக்கொண்டு, ஒரு கை நிறைய இருந்தன.

"அத்த ஏன்டி தோண்டற?" அக்கா பின்னால் வந்து நின்றாள். "மூடு. புதைச்சத தோண்டக் கூடாது."

"அக்கா, இது இன்னா?"

"உறைதான். அது எலும்புல செய்யறதாமே, மெட்ராஸ்ல மருந்துக் கடையில இருந்துட்டு வந்தவரு சொன்னாரு. நாம எப்டி அத்த வாயில போடறது? மருந்த எடுத்துக்கினு உறைய மட்டும் வூட்டுக்குக் கொண்டாந்து மண்ணுல வெச்சி, அந்த ஜீவனுக்கு ஒரு நமஸ்காரம் சொல்லிடுவேன். தெனமும்."

"எல்லாருமா?"

"ஊரே அப்டித்தான். ஆனா தர்மு, எனக்கு ஒண்ணு சொல்லு. என்னுது ஏன் இனிப்பா இருக்குது?"

தர்மவதி உறைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அக்கா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனாள். உறையைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டதாம். ஆறு பேருக்குக் கசப்பு, ஐந்து பேருக்கு இனிப்பு. "கசப்புதான் மருந்துன்னு பால்குடிப் புள்ளைக்கும் தெரியும். கசப்பு வந்தவங்க மொத நாளே சாந்திநாத நயினாருகிட்ட போயி, எங்களுக்கு மட்டும் வேணாம்னுட்டாங்க. வா, நீயே பாரு."

பொழுது சாயும் முன் சாப்பாட்டை முடிப்பது அங்கே வழக்கம். மருந்தும் அதற்குள்தான். ஜினர் கோயில் மண்டபத்தில் பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோயில் காரியங்களைப் பார்க்கும் சாந்திநாதன் எல்லோருடைய புதுக் கவரையும் கத்தரியால் வெட்டி, ஆளுக்கு ஒன்றாகப் பதினோரு கேப்சூலையும் பிரித்து ஒரே பித்தளைத் தட்டில் கொட்டினார். வெள்ளைத் தூளும் பழுப்புத் தூளும் ஒன்றாகும்வரை கலந்தார். வாழையிலை நறுக்கால் கோடு இழுத்துப் பதினோரு பங்கு வைத்தார். ஒரு பங்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தபோது, கசப்பு வந்தவர்களில் ஒருவரான முதியவர், "அத்த ஜெயந்திக்குக் குடு நயினாரே, ராத்திரியெல்லாம் இருமுது," என்றார்.

"பங்குன்னா பங்குதான். எல்லாம் சமம்," என்று சாந்திநாதன் நுனியால் சரி செய்தார். பிறகு தர்மவதியைப் பார்த்து, "சோறு குடுக்கறது, அடைக்கலம் குடுக்கறது, மருந்து குடுக்கறது, படிப்பு குடுக்கறது, இது நாலும்தான் தானம். இதுல மருந்த மட்டும் எப்டிம்மா தனியா சாப்புடறது?" என்றார்.

தர்மவதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஆறு பேருக்கும் நுரையீரலில் ஓட்டை. அவர்களுடைய படங்களை அவள் பார்த்திருக்கிறாள். தங்களைப் பிழைக்க வைக்கும் என்று நம்பிய பொருளில் பாதியை அவர்கள் ஆறு மாதமாகத் தினமும் கொடுத்து வந்திருக்கிறார்கள். யாரும் கேட்டு வாங்கவில்லை. கொடுத்ததாக யாரும் வெளியே சொல்லவுமில்லை. சொந்த ஊர்க்காரர்கள்தான், இருந்தும் அவர்களை முதல்முறை பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

டவுனுக்குத் திரும்பும் பஸ்ஸில் பயம் பிடித்துக்கொண்டது. சொன்னால் சோதனையைக் கெடுத்தவர்கள் என்று ஊரை நீக்கிவிடுவார்கள், அக்காவுக்கு மருந்து நிற்கும். சொல்லாவிட்டால் கம்பெனி மேல் பழி விழும், எட்டு ஊருக்கும் நிற்கும்.

வியாழக்கிழமை பரசுராமன் வந்தார். கட்டையான உருவம், கக்கத்தில் ஒரு தோல் பை, வேர்வை வழியும் முகம். டாக்டர் அறையில் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தது வராண்டா வரை கேட்டது.

"டாக்டர், நான் நின்னு பார்த்து அடைச்ச சரக்கு. கலக்கறதுக்கு வழியே இல்ல."

"அப்ப என் எக்ஸ்ரே மெஷின் பொய் சொல்லுதா?"

தர்மவதி காப்பியோடு உள்ளே போனாள். டம்ளர்களை வைத்துவிட்டுத் திரும்பவில்லை. அலமாரியிலிருந்து, ஊரை விட்டுப் போன நோயாளிகள் மிச்ச மருந்தோடு திருப்பிக் கொடுத்த கவர்கள் சிலவற்றை எடுத்தாள். கேப்சூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். வெள்ளைத் தூள் ஒன்றும் பழுப்புத் தூள் ஒன்றும் கிடைத்ததும் அவற்றை இரண்டு சாசரில் கொட்டி மேசைமேல் வைத்தாள்.

"நாக்குல வெச்சிப் பாருங்க சார்," என்றாள்.

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். பரசுராமன்தான் முதலில் விரலால் தொட்டு நக்கினார். ஒன்றில் முகம் சுளித்தார். இன்னொன்றில் கண்ணை விரித்தார். டாக்டரும் தொட்டுப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா மருந்து செய்யறேன் டாக்டர்," என்றார் பரசுராமன் மெதுவாக. "கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கணும்னு அத்தன மெனக்கெட்டோம். நாக்குன்னு ஒண்ணு இருக்கறத மறந்துட்டோம்."

பிறகு தர்மவதி எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டிய கவர், புதைத்த உறை, பித்தளைத் தட்டு. டாக்டரின் முகம் சிவந்தது.

"ஆறு மாச வேல பாழ்! அந்த ஊர எடுத்துட வேண்டியதுதான். வேற வழியில்ல."

"சார், எங்கக்கா..." என்று தொடங்கினாள் தர்மவதி.

பரசுராமன் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "எடுக்கறது இருக்கட்டும். நான் செஞ்ச பொருள வாங்கறவங்க முகத்த நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. மொதல்ல அங்க போலாம் வாங்க. ஏம்மா, பொழுது சாயறதுக்குள்ள போயிடலாமா?"

அன்று மாலை அந்தப் பங்கு போடுதலை அவர் மண்டபத்தின் ஓரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தார். முடிந்ததும் சாந்திநாதன் அவரிடம் வந்தார்.

"நீங்கதான் செய்யறவரா? உறை எந்த ஜீவனோடது?"

"மாட்டு எலும்புங்க," என்றார் பரசுராமன். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

"உறை இல்லாம செய்ய முடியாதா?"

"மாத்திரையா செய்யலாம். ரெண்டு மாசம் ஆவும்."

ஒரு பெண் கூட்டத்திலிருந்து, "செய்யறதுதான் செய்யறீங்க, எல்லாத்தையும் கசப்பாவே செஞ்சிடுங்க. இந்த இனிப்பு கசப்பு வம்பே வேணாம்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பரசுராமன் சிரிக்காமல் பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். ஒரு கம்பெனிக்காரர் கீழ்நெல்வாய்ப் பெண் சொன்னதை எழுதிக்கொள்வதைத் தர்மவதி கண்கொட்டாமல் பார்த்தாள்.

திரும்பும் வழியில் ஜீப்பில் டாக்டர், "கசப்பா செஞ்சாலும் இவங்க கலந்துதான் சாப்பிடுவாங்க. அப்ப எது யாருக்கு வேல செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" என்று முனகினார். தர்மவதி பின்சீட்டில் ஏதோ சொன்னாள். அருணகிரி வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"இந்தம்மா ஏதோ சொல்லுது சார். இந்தச் சத்தத்துல கேக்காது."

எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "ஆள ஆளா பிரிக்காம, ஊர ஊரா பிரிச்சா இன்னா சார்? ஒரு ஊருக்கு மொத்தமும் மருந்து. ஒரு ஊருக்கு மொத்தமும் சும்மா. அப்ப கலந்தாலும் ஒண்ணும் ஆவாது இல்ல?"

டாக்டர் விரல்விட்டு எட்டு ஊர்களையும் எண்ணிப் பார்த்தார். பிறகு, "அருணகிரி, எடு வண்டிய," என்றார். அதற்குப் பிறகு டவுன் வரும்வரை அவரும் பரசுராமனும் பேசிய வேகத்தில் பாதி அவளுக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. தான் சொன்னதன்படி நடந்தால், சீட்டுக் குலுக்கும்போது கீழ்நெல்வாய்க்கு எது விழும் என்று யாருக்கும் தெரியாது. சும்மா மாத்திரை விழுந்தால் அக்காவுக்கு இப்போது கிடைக்கும் அந்தப் பாதிப் பங்கும் கிடையாது.

இரண்டு மாதம் கழித்துப் பரசுராமன் மாதிரி மாத்திரையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பளபளவென்று இருந்தது. சாந்திநாதன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மேல மினுக்குதே, அது இன்னா?"

"அரக்குங்க. சும்மா மேல்பூச்சு."

"அரக்கு பூச்சியிலேர்ந்து வர்றதாச்சே!"

பரசுராமன் தலையில் அடித்துக்கொண்டார். "நயினாரே, எங்க தரக்கட்டுப்பாட்டு ஆபீசருகூட இப்படிக் கேள்வி கேக்க மாட்டாரு. நீங்க பேசாம எங்க கம்பெனிக்கு வந்துடுங்க."

"சம்பளம் ஜாஸ்தி கேப்பேன், பரவால்லியா?"

மூன்றாவது மாதிரி பூச்சு இல்லாமல், மங்கலாக, தொட்டால் மாவு ஒட்டும்படி வந்தது. சும்மா மாத்திரைக்கும் அதே நிறம் கொடுத்து, நிலவேம்புச் சாறு கலந்து கசப்பேற்றியிருந்தார். டாக்டர் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நக்கிப் பார்த்து, வித்தியாசம் தெரியவில்லை என்றார். ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சாந்திநாதன் ஒரு நிபந்தனை வைத்தார்.

"எங்களுக்கு மருந்து விழலாம். சும்மா விழலாம். அது சீட்டு. ஆனா மருந்து வேல செய்யுதுன்னு தெரிஞ்சா, சும்மா விழுந்த ஊருக்கெல்லாம் அப்பறம் அதே மருந்து குடுக்கணும். எழுதிக் குடுங்க."

சோதனை முடிந்தபின் இலவசமாக மருந்து கொடுக்க எந்த முதலாளி சம்மதிப்பார்? அதற்காகப் பரசுராமன் சென்னையில் மூன்று மாதம் மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். வேலையை விட்டுவிடுவேன் என்றுகூடச் சொன்னதாக அருணகிரிக்கு எங்கிருந்தோ தகவல் வந்தது. கடைசியில் முத்திரை குத்திய தாளோடு வந்தார். பழைய சோதனையை மூடிவிட்டு, 1979 தையில் முதலிலிருந்து தொடங்கினார்கள். எட்டு ஊர்களின் பெயரைச் சென்னையில் சீட்டுப் போட்டு எடுத்து, கவரில் வைத்து அரக்கு முத்திரை வைத்தார்கள்.

ஒன்பது மாதம். கீழ்நெல்வாயில் இப்போது பித்தளைத் தட்டு இல்லை. அவரவர் மாத்திரையை அவரவர் விழுங்கினார்கள். திரும்பி வந்த கவர்கள் பதினோரு விதமாகக் கிழிந்திருந்தன. எட்டு ஊர்களில் இன்னொன்றான அடி அண்ணாமலையில் நோயாளிகளின் இருமல் குறைந்துகொண்டே வந்தது. அக்காவின் இருமல் குறையவில்லை. பெரிய பங்கை அக்காவுக்குக் கொடுக்கச் சொன்ன அந்த முதியவர் ஆறாம் மாதம் இறந்துபோனார். நோயாலா வயதாலா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று தர்மவதி அக்காவிடம் போய், "நான் அந்த யோசனைய சொல்லாம இருந்திருக்கலாம்," என்று அழுதாள்.

"நீ சொல்லலைன்னா அன்னிக்கே ஊர எடுத்திருப்பாங்க," என்றாள் ஜெயந்திமாலா. "இதுவாவது எங்க போவுதுன்னு பாக்கலாம், இரு."

ஐப்பசியில் கவரைத் திறந்தார்கள். அடி அண்ணாமலைக்கு மருந்து. கீழ்நெல்வாய்க்குச் சும்மா.

மருந்து விழுந்த நான்கு ஊர்களின் படங்களையும் மற்ற நான்கு ஊர்களின் படங்களையும் டாக்டர் எதிரெதிரே மாட்டினார். படிக்காத யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். அத்தனை வித்தியாசம். பரசுராமன் அந்தச் சுவர் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

மறுவாரம் ஜீப் நிறைய மாத்திரைப் பெட்டிகளோடு அவரே கீழ்நெல்வாய்க்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஜெயந்திமாலா இடுப்பில் கை வைத்தாள்.

"ஏன் சார், ஒம்போது மாசமா நான் முழுங்கினது வெறும் சும்மாவா?"

"ஆமாம்மா. மன்னிச்சிடுங்க."

"சும்மாதானே! அதுக்கு எதுக்கு சார் அவ்ளோ கசப்பு வெச்சீங்க?"

பரசுராமன் விழுந்து விழுந்து சிரித்தார். இருமலுக்கு நடுவில் அவளும் சிரித்தாள். பிறகு அவர் பெட்டியைப் பிரித்து முதல் மாத்திரையைத் தாமே எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் கையில் வாங்கி, உடனே வாயில் போடாமல், "மத்த மூணு ஊருக்கும் வந்துடிச்சா?" என்று கேட்டாள்.

"இங்கேர்ந்து அங்கதான் போறேன்."

தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்கினாள்.

அடுத்த ஆண்டு ஆடி மாதம் எடுத்த படத்தை டாக்டர் ராமகிருஷ்ணன் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கீழ்நெல்வாயின் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நோய் போயிருந்தது. இரண்டு பேருக்கு இன்னும் சில மாதம் மருந்து வேண்டியிருந்தது. இது ஜெயந்திமாலாவின் படம். டாக்டர் அதைத் தர்மவதியிடம் கொடுத்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்றே மூன்று வருடத்தில் அவள் படம் பார்க்கப் பழகியிருந்தாள். விலா எலும்புகள், இதயத்தின் நிழல், பிறகு இடது பக்கம் மேலே. வெளுப்பு இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு. சுற்றிலும் சுத்தமான கறுப்பு. அவ்வளவும் காற்று.

ஒரு மனுஷியின் நெஞ்சுக்குள் காற்று நிறைந்திருப்பதை இப்படிக் கையில் பிடித்துப் பார்க்க முடிகிறதே என்று அவளுக்குப் புல்லரித்தது. வெளியே வராண்டா பெஞ்சில் அக்கா பக்கத்தில் இருந்தவளோடு ஏதோ வழக்கடித்துக்கொண்டிருந்தாள். தர்மவதி படத்தோடு கதவுப் பக்கம் போனாள்.